"கான்ஃபிக் மட்டும்தான் சார்" என்று இனி என்னிடம் சொல்லாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. அவசர வேலை இருப்பவர்கள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு படிக்கலாம். ஆனால் கிளவுட், லாம்டா, டெவ்ஆப்ஸ் என்று சம்பளம் வாங்குகிற என் பிள்ளைகள், அதிலும் இன்று டீம் லீட், மேனேஜர் என்று நாற்காலி பிடித்தவர்கள், கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் லைக் போட வேண்டும். படிக்காமலே கைகூப்புகிற பொம்மையைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான்.

"கோடில் கையே வைக்கவில்லை சார், கான்ஃபிக் மட்டும்தான் மாற்றினோம்."

இந்த வாக்கியத்தை உங்களில் பலர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன். ஏதோ வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தது போலச் சொல்கிறீர்கள். அமைப்புகளை அடுக்கடுக்காகக் கட்டி வைப்பது. எந்த அடுக்கு எதை மூடுகிறது என்று யாருக்கும் தெரியாமல் விட்டுவிடுவது. ஒருநாள் வெடித்ததும் கடைசியாகக் கை வைத்த இளையவர் தலையில் பழியைக் கட்டுவது. இது அநியாயம். அதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

கணக்கு வாத்தியாருக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்கு: நான் மேல்நிலை வகுப்புக்குக் கணினி அறிவியலும் எடுத்தவன். ஓய்வு பெற்ற பிறகு, நம் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து கட்டிய உதவித்தொகை விண்ணப்பச் செயலியைப் பார்த்துக்கொள்கிறேன். அது லாம்டாவில்தான் ஓடுகிறது.

முதலில் ஐ.டி.யில் இல்லாத உறவுகளுக்காக இரண்டு வார்த்தை.

சர்வர்லெஸ் என்றால் சர்வரே இல்லை என்று அர்த்தமில்லை. சர்வர் இருக்கிறது, அதை நாம் வைத்துப் பராமரிப்பதில்லை, அவ்வளவுதான். சொந்தக் கார் வாங்கி ஷெட்டில் நிறுத்துவதற்கும், தேவைப்படும்போது ஆட்டோவைக் கூப்பிடுவதற்கும் உள்ள வித்தியாசம். அமேசான் 2014-இல் லாம்டா என்ற சேவையை அறிவித்தது. சின்னச் சின்ன நிரல்களை எழுதி அவர்களிடம் கொடுத்துவிட்டால், யாராவது பொத்தானை அழுத்தும்போது அந்த நிரல் எழுந்து வேலையைச் செய்துவிட்டு ஓய்ந்துவிடும். கூப்பிட்ட தடவைக்கும் ஓடிய நேரத்துக்கும் மட்டும் காசு.

ஆட்டோக்காரர் ஊருக்குப் புதியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போதே முகவரி சொல்ல வேண்டும். எந்தத் தரவு அட்டவணையைப் படிப்பது, எந்தக் கணக்கிலிருந்து எஸ்.எம்.எஸ். அனுப்புவது, விண்ணப்பிக்கக் கடைசித் தேதி எது என்று அந்த நிரலுக்கும் சொல்லிவிட வேண்டும். இப்படி நிரலுக்கு வெளியே எழுதி வைப்பதைத்தான் பிள்ளைகள் கான்ஃபிக் என்கிறார்கள்.

வெளியே எழுதுவதற்கு நல்ல காரணம் உண்டு. சோதனை இடத்திலும் உண்மையான இடத்திலும் ஒரே நிரல்தான் ஓட வேண்டும், முகவரி மட்டும் மாற வேண்டும். ஹெரோகு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆடம் விக்கின்ஸ் 2011-இல் எழுதிய 'ட்வெல்வ் ஃபேக்டர் ஆப்' என்ற கையேடு இதைத்தான் சொன்னது. அது வைத்த பரீட்சை எனக்குப் பிடிக்கும்: உங்கள் நிரலை இந்த நிமிடமே ஊருக்குத் திறந்து காட்டினால், ஒரு கடவுச்சொல்லாவது வெளியே போகுமா? போகாது என்றால் நீங்கள் தேறிவிட்டீர்கள்.

இதுவரை எனக்குச் சண்டையே இல்லை. அந்த 'வெளியே' என்பது இன்று எத்தனை இடம் என்று எண்ணும்போதுதான் சண்டை.

ஒன்று, நிரலுக்குள்ளேயே "மதிப்பு எதுவும் வராவிட்டால் இதை எடுத்துக்கொள்" என்று எழுதிய இயல்பு மதிப்பு. இரண்டு, டிப்ளாய் கோப்பில் எல்லா ஃபங்ஷனுக்கும் பொதுவான பகுதி. மூன்று, டெவ், டெஸ்ட், ப்ராட் என்று ஸ்டேஜுக்கு ஒரு கோப்பு. நான்கு, அந்த ஒரு ஃபங்ஷனுக்கு மட்டும் தனியாக எழுதிய மதிப்பு. ஐந்து, பாராமீட்டர் ஸ்டோர், சீக்ரெட்ஸ் மேனேஜர் போன்ற வெளிப் பெட்டகங்கள். ஆறு, டிப்ளாய் செய்கிறவர் கட்டளையோடு தட்டுகிற மதிப்பு. ஏழு, அவசரத்தில் யாரோ கன்சோலில் நேராக நுழைந்து கையால் மாற்றியது.

ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருந்தால் எது செல்லும்? விதி இருக்கிறது. அமேசானின் சாம், சர்வர்லெஸ் ஃப்ரேம்வொர்க் இரண்டிலும், பொதுப் பகுதியில் இருப்பதை ஃபங்ஷனுக்கு மட்டும் எழுதியது மூடிவிடும். டாட்நெட்டில் பின்னால் சேர்க்கப்பட்ட மூலம் முன்னதை மூடும். எல்லாம் கையேட்டில் அச்சிட்டிருக்கிறது. ஆனால் கடைசியில் நிரலின் கைக்கு வந்து சேரும் மதிப்பு, தான் எந்த அடுக்கிலிருந்து வந்தேன் என்று சொல்வதில்லை. வெறும் ஒரு சொல்லாக வந்து நிற்கிறது.

இத்தனை இடம் சோம்பேறித்தனத்தால் வந்ததா? அப்படிச் சொன்னால் பாவம். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. ஒரு லாம்டா ஃபங்ஷனுடைய என்விரான்மென்ட் மாறிகள் எல்லாம் சேர்ந்து 4 கிலோபைட்டுக்கு மேல் போகக்கூடாது. நிரம்பியதும் மிச்சத்தை வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கடவுச்சொல்லை அந்த மாறிகளில் பச்சையாக வைத்தால், அமைப்பைப் பார்க்க அனுமதி உள்ளவர்கள் எல்லாரும் பார்ப்பார்கள். ஆகவே அதற்குத் தனிப் பெட்டகம். நடு இரவில் ஏதாவது நின்றுபோனால், அந்த ஒரு ஃபங்ஷனில் மட்டும் ஒரு வரி. ஒவ்வொரு படியிலும் நியாயம் இருக்கிறது. மொத்தமாகப் பார்த்தால், எட்டுப் பேர் எட்டு வருஷம் ஒயர் இழுத்த வீடு மாதிரி இருக்கிறது. எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று வீட்டுக்காரருக்கே தெரியாது.

இனி இதை எழுத வைத்த சம்பவத்துக்கு வருகிறேன்.

நம் பள்ளியில் படித்த பெண் ஒருத்தி. பெயர் வேண்டாம், அவள் வேலை பார்த்த நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். வீட்டில் முதல் பட்டதாரி. கடன் தவணையை நினைவூட்டி எஸ்.எம்.எஸ். அனுப்பும் ஒரு செயலியில் வேலை. சேர்ந்து 5 மாதம். அந்த நினைவூட்டல் ஃபங்ஷனை டெஸ்ட் ஸ்டேஜில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். அதுவரை அதை டெஸ்டில் யாரும் ஓட்டியதே இல்லை. அவள் குழுவின் குறிப்பேட்டைப் படித்தாள். "வாடிக்கையாளர் அட்டவணையின் பெயரை டெஸ்ட் கோப்பில் கொடுக்கவும்" என்று அதில் இருந்தது. பத்துப் போலி எண்கள் உள்ள ஒரு சோதனை அட்டவணையை உருவாக்கி, அதன் பெயரை டெஸ்ட் கோப்பில் எழுதினாள். ஓட்டினாள்.

சில ஆயிரம் உண்மையான வாடிக்கையாளர்களுக்கு "உங்கள் தவணை தவறிவிட்டது" என்று செய்தி போய்விட்டது. தவணையை ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு.

என்ன நடந்தது? இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு இரவு, உண்மையான அட்டவணையின் பெயர் மாறியபோது, பொதுக் கோப்பைத் தொட்டால் எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டுமே என்று, யாரோ ஒரு மூத்தவர் அந்த ஒரு ஃபங்ஷனில் மட்டும் உண்மையான பெயரை நேராக எழுதிவிட்டார். டெஸ்டா ப்ராடா என்று பார்க்காமல் எல்லா ஸ்டேஜுக்கும் அதுவே செல்லும்படி. அந்த வரி அவள் எழுதியதை மூடிவிட்டது. டெஸ்டும் ப்ராடும் ஒரே கிளவுட் கணக்கில் இருந்ததால், டெஸ்ட் ஃபங்ஷனுக்கு உண்மையான அட்டவணையைப் படிக்கும் அனுமதியும் இருந்தது. எந்தக் கதவும் அடைத்திருக்கவில்லை.

அவளிடம் விளக்கக் கடிதம் வாங்கினார்கள். "ஓட்டுவதற்கு முன் சரிபார்த்திருக்க வேண்டும்" என்றார்கள். பயிற்சிக்காலம் முடிந்ததும் பணியை உறுதி செய்யாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் அந்த வரியை எழுதியவர் இன்று அதே நிறுவனத்தில் உயர்ந்த பதவியில் இருக்கிறார். விசாரணைக் கூட்டத்தில் அவரும் உட்கார்ந்திருந்தாராம்.

அவள் என் வீட்டுக்கு வந்து, காகிதத்தில் கட்டம் கட்டமாகப் போட்டு இதைக் காட்டினாள். "நான் எங்கே சார் தப்பு செய்தேன்?" என்று கேட்டாள். விடைத்தாள் திருத்திப் பழகிய கண்ணால் நானும் தேடினேன். மதிப்பெண் குறைக்க ஒரு இடமும் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் அரசு அலுவலகத்தைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு நாடா என்று எல்லாரும் சிரிக்கிறீர்கள், நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் 34 ஆண்டு சர்வீசில் எனக்கு வந்த ஒவ்வொரு ஆணையிலும் 'பொருள்' என்று ஒரு வரி இருந்தது, அதற்கு அடுத்து 'பார்வை' என்று ஒன்று இருந்தது. இந்த அரசாணை, இந்த நாள். இயக்குநரின் இந்தச் செயல்முறை, இந்த எண். அதன்படி இந்த ஆணை. முந்தைய ஆணையை மாற்றினால், "மேற்படி ஆணையில் பகுதி திருத்தம்" என்று எதை மாற்றுகிறோம் என்பதையும் எழுதுவார்கள். அங்கேயும் அடுக்குதான்: அரசு, இயக்குநரகம், மாவட்டம், பள்ளி. ஆனால் ஆணையைக் கையில் வாங்கிய கடைசி மனிதர், அது எங்கிருந்து வந்தது என்று தாளைப் பார்த்தே சொல்லிவிடலாம். பார்வை இல்லாத ஆணையைத் தலைமை எழுத்தர் திருப்பி அனுப்பிவிடுவார்.

கோடிக்கணக்கான ரூபாய் புழங்கும் உங்கள் செயலிகளில், ஒரு மதிப்பு 'பார்வை' இல்லாமல் வந்து நிற்கிறது. அதை நம்பி ஒரு பெண் பொத்தானை அழுத்துகிறாள்.

நீங்கள் சொல்லப்போகும் பதில்களும் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக எடுக்கிறேன்.

"டாக்குமென்டேஷன் இருக்கிறது சார்." இருந்தது. அவள் அதைப் படித்து அதன்படியே செய்தாள். குறிப்பேடு சொல்வது என்றோ யாரோ நினைத்ததை. ஓடிக்கொண்டிருப்பது வேறு. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க யாரையும் நீங்கள் நியமிக்கவில்லை.

"ஆடிட் லாக் இருக்கிறது." யார், எப்போது மாற்றினார் என்று அது சொல்லும். ஏழு இடத்தில் எது செல்லுபடியானது என்று சொல்லாது. அதையும் சேதம் நடந்த பிறகுதான் திறந்து பார்ப்பீர்கள்.

"மாற்றியதும் உடனே தெரிந்துவிடும்." எப்போதும் தெரியாது. லாம்டா ஒருமுறை எழுந்தால், அதே சூழலை அடுத்தடுத்த அழைப்புகளுக்கும் பயன்படுத்தும். எழும்போது பாராமீட்டர் ஸ்டோரிலிருந்து படித்து நினைவில் வைத்த மதிப்பை, மறுபடி படிக்கச் சொல்லாதவரை அது விடாது. நீங்கள் மதிப்பை மாற்றிய பின் ஒருவருக்குப் பழையதும், அடுத்தவருக்குப் புதியதும் போகும். சோதித்துப் பார்த்தவருக்கு எது கிடைத்தது என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

"அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டுவிடலாமா?" கூடாது. கடவுச்சொல்லும் கடைசித் தேதியும் ஒரே கோப்பில் இருக்கக்கூடாது. சோதனைக்கும் உண்மைக்கும் முகவரி வேறாகத்தான் இருக்க வேண்டும். அடுக்கு வேண்டும். அடுக்குக்குப் பேரும் கணக்கும் வேண்டும் என்கிறேன்.

"அவள் கவனமாக இருந்திருக்கலாமே?" இந்தப் பதிலைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. கண்ணுக்குத் தெரிகிற பள்ளத்தில் விழுந்தவனை "கவனமாக நட" என்று திட்டலாம். பள்ளத்தைத் தோண்டி, மேலே பாய் விரித்து மூடிவிட்டு, விழுந்தவளைத் திட்டுவது என்ன நியாயம்?

இது ஏதோ ஒரு சின்ன நிறுவனத்தின் கதை என்று ஒதுக்காதீர்கள். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் சுமார் 45 நிமிடத்தில் ஏறத்தாழ 46 கோடி டாலர் இழந்தது. பழைய வேலை ஒன்றுக்காக வைத்திருந்த ஒரு அமைப்புக் கொடியை, அதே பெயரில் புதிய வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். எட்டு சர்வரில் ஒன்றில் பழைய நிரல் அப்படியே இருந்தது. கொடி ஏறியதும் அந்த ஒன்று மட்டும் பழைய வேலையைச் செய்ய ஆரம்பித்தது. 2024 ஜூலை 19 உங்களுக்கே நினைவிருக்கும். விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள். கிரவுட்ஸ்ட்ரைக் அன்று அனுப்பியது புதிய மென்பொருள் பதிப்பு அல்ல. உள்ளடக்க அமைப்புக் கோப்பு ஒன்றின் புதுப்பிப்பு. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. மென்பொருள் பதிப்புகளைப் படிப்படியாக வெளியிடும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. இந்தவகைக் கோப்புக்கு அந்தக் கட்டுப்பாடு இருக்கவில்லை. "கான்ஃபிக் மட்டும்தான்" என்ற மனப்பான்மையின் விலையை அங்கே பாருங்கள்.

சரி, குறை சொன்னது போதும். என்ன செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். கரும்பலகையில் எழுதுவது போல எழுதுகிறேன்.

1. ஒரு மதிப்புக்கு ஒரு வீடு. அடுக்குகளை இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள். ஒரே பெயர் அனுமதியில்லாமல் இரண்டு இடத்தில் வந்தால் டிப்ளாயே நிற்க வேண்டும்.

2. ஆபத்தான மதிப்புக்கு இயல்பு மதிப்பு வைக்காதீர்கள். அட்டவணைப் பெயர், சாவி, ஸ்டேஜின் பெயர் இவை வராவிட்டால் ஃபங்ஷன் கூச்சல் போட்டு நிற்கட்டும். "ஸ்டேஜ் சொல்லாவிட்டால் ப்ராட் என்று எடுத்துக்கொள்" என்று எழுதியவரை நான் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

3. வந்த மதிப்பின் வகையைச் சரிபாருங்கள். என்விரான்மென்ட் மாறிகள் எல்லாம் வெறும் எழுத்துச் சரங்கள். 'ஃபால்ஸ்' என்று ஆங்கிலத்தில் ஐந்தெழுத்து எழுதி அனுப்பினால், ஜாவாஸ்கிரிப்டும் பைத்தானும் அது காலியில்லை என்பதால் 'உண்மை' என்றே எடுத்துக்கொள்ளும். அணைத்ததாக நினைத்தது எரிந்துகொண்டிருக்கும்.

4. ஃபங்ஷன் எழும்போது, எந்த மதிப்பு எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று பதிவேட்டில் எழுதட்டும். ரகசியங்களின் மதிப்பை மறைத்துவிட்டு மூலத்தை மட்டும் எழுதினால் போதும். நான் சொன்ன 'பார்வை' இதுதான்.

5. டெஸ்டுக்கும் ப்ராடுக்கும் தனித்தனிக் கிளவுட் கணக்கு. அப்படி இருந்திருந்தால், அந்தப் பழைய வரி இருந்தும், அனுமதி இல்லை என்று ஃபங்ஷன் அங்கேயே நின்றிருக்கும். ஒரு எஸ்.எம்.எஸ். கூடப் போயிருக்காது.

6. கான்ஃபிக் மாற்றமும் கோட் மாற்றம் போன அதே வழியில் போகட்டும்: இன்னொருவர் பார்வை, படிப்படியான வெளியீடு, கெட்டால் திரும்பி வரும் வழி. அமேசானிலேயே ஆப்கான்ஃபிக் என்ற சேவை இதற்கென்று 2019 முதல் இருக்கிறது. முன்கூட்டியே சரிபார்க்கும், மெல்ல மெல்லப் பரப்பும், அலாரம் அடித்தால் பழைய மதிப்புக்குத் திரும்பும். ப்ராடில் கன்சோலைத் திறந்து கையால் மாற்றுவதை நிறுத்துங்கள். அப்படி மாற்றியதை அடுத்த டிப்ளாய் அழிக்கலாம், அழிக்காமலும் விடலாம். அந்தச் சந்தேகமே போதும் ஒரு இரவைக் கெடுக்க.

இதெல்லாம் பெரிய நிறுவனத்துக்குத்தான் என்பீர்கள். நம் உதவித்தொகைச் செயலியில் மொத்தம் 14 அமைப்புகள். ஒவ்வொன்றுக்கும் பெயர், பொருள், எங்கே இருக்கிறது, யார் மாற்றலாம், வராவிட்டால் என்ன ஆகும் என்று ஐந்து பத்தி கொண்ட ஒரு அட்டவணை. விண்ணப்பக் கடைசித் தேதி அதில் ஒன்று. அந்தத் தேதி இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தால், பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து விண்ணப்பிக்க வந்த ஒரு பிள்ளைக்கு ஒரு வருஷப் படிப்பு போய்விடும். அதை நினைத்துத்தான் அந்த அட்டவணையைப் போட்டோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. செலவு, வடையும் டீயும்.

லீட், மேனேஜர் ஆன பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். இந்த வாரம் உங்கள் குழுவில் கடைசியாகச் சேர்ந்தவரைக் கூப்பிடுங்கள். ப்ராடில் ஓடும் ஒரு மதிப்பைக் காட்டி, "இது எங்கிருந்து வருகிறது?" என்று கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் அவரால் சொல்ல முடியவில்லை என்றால் அவரைத் திட்டாதீர்கள். தோற்றது அவர் இல்லை. நீங்கள் கட்டிய வீட்டில் அவர் குடியிருக்கிறார், அவ்வளவுதான். அதன் பிறகு, உங்கள் நிறுவனத்தில் அடுத்த விபத்து நடக்கும்போது, விசாரணைத் தாளில் முதல் கேள்வி "யார் அழுத்தியது?" என்று இருந்தால் அதை அடித்துவிட்டு, "எந்த அடுக்கு எதை மூடியது, அதை யார் அனுமதித்தோம்?" என்று எழுதுங்கள். அதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும். மேலே இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

கடைசியாக ஒன்று. அந்தப் பெண் இப்போது வேலை தேடுகிறாள். நேர்காணலில் "முந்தைய வேலையை ஏன் விட்டாய்?" என்று கேட்டால் மறைக்காமல் நடந்ததைச் சொல்கிறாள். இரண்டு இடத்தில் அதோடு முடித்துக்கொண்டார்கள். ஒரு விபத்தின் ஏழு அடுக்கையும் தாளில் பிரித்துக் காட்டத் தெரிந்த ஒருத்தி உங்கள் குழுவுக்கு வேண்டுமென்றால் எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள். சிபாரிசு என்று நினைக்க வேண்டாம். நேர்காணலில் நீங்களே கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்

பி.கு.: கருத்துப் பகுதியில் "அருமை ஐயா" வேண்டாம். உங்கள் செயலியில் எத்தனை அடுக்கு என்று எண்ணை மட்டும் எழுதுங்கள். எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுங்கள், குத்துமதிப்பாக வேண்டாம்.